படைப்புழு இருபது

ஓணான்தாங்க. நீங்கள் பார்த்தது சரிதான். பாம்பெல்லாம் இல்லை, காலைத் தூக்கிக்கொள்ள வேண்டாம். அந்த முன் சீட்டில் பச்சைச் சேலை கட்டிக்கொண்டு, மடியில் டப்பாவை வைத்துத் துண்டு போட்டு மூடி உட்கார்ந்திருக்கிறாளே, அவள் என் வீட்டுக்காரி வசந்தாமணி. டப்பாவுக்குள் இருப்பது எங்கள் மகளுடைய ஓணான். துண்டுக்கடியில் ஒரு வெந்நீர் பாட்டிலும் இருக்கிறது. அதற்குச் சூடு குறையக்கூடாது. கண்டக்டர் அதற்கும் டிக்கெட் போடலாமா என்று கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுப் போய்விட்டார்.

சிரியுங்க, பரவாயில்லை. நான் வேலை பார்க்கிற கோழிக்குஞ்சு ஹேச்சரியில் எல்லோரும் சிரித்து முடித்தாயிற்று. என்னோடு ராத்திரி ஷிப்ட் பார்க்கிற காளியண்ணன், "ஏம்ப்பா, ஊரு ஒலகத்துல பேரன் பேத்திக்கு ஊட்டுவாங்க, நீ ஓணானுக்கு ஊட்டறயா? அதுக்கு ஏப்பம் வர்ற வரைக்கும் தட்டிக் குடுப்பியா?" என்றார். இருபத்திரண்டு வருஷமாக அவரோடு ராத்திரி முழித்துக்கொண்டிருக்கிறேன். பதில் சொல்ல ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

இது நம் வேலியில் ஓடுகிற ஓணான் இல்லைங்க. ஆஸ்திரேலியாவில் பாலைவனத்துப் பக்கம் இருக்கிற ஜாதி. தாடி ஓணான். கழுத்துக்குக் கீழே முள்ளு முள்ளாக இருக்கும். பயமோ நோவோ வந்தால் அந்த இடம் கறுத்துப்போகும். என் மகள் நறுமுகை இதற்கு மீசை என்று பேர் வைத்திருக்கிறாள். தாடி இருக்கிறதுக்கு ஏனம்மா மீசை என்று போனில் கேட்டால், "அதெல்லாம் உங்களுக்குப் புரியாதுப்பா" என்றாள். பெங்களூரில் வேலை பார்க்கிறாள். கூட வேலை செய்கிற பெண் வளர்த்த ஓணான் முட்டையிட்டுப் பொரித்ததில் ஒன்றை வாங்கிக்கொண்டாள். அவள் தங்கியிருந்த விடுதியில் ஒன்று ஓணான் இருக்கட்டும், இல்லை நீ இரு என்று சொல்லிவிட்டார்கள். கண்ணாடித் தொட்டி, விளக்கு, எல்லாவற்றையும் கொண்டுவந்து எங்கள் வீட்டில் இறக்கி வைத்துவிட்டுப் போனாள். அப்போது அது மூன்று மாசத்துக் குஞ்சு. எப்படி வளர்க்க வேண்டும் என்று யாரிடம் சொல்லிவிட்டுப் போனாள் தெரியுங்களா? அவள் அம்மாவிடம். நான் தூங்கிக்கொண்டிருந்தேனாம்.

தூங்காமல் என்ன செய்வேன்? ஹேச்சரி என்றால் உங்களுக்குத் தெரிந்திருக்கும், இந்தப் பக்கத்து ஆள்தானே நீங்கள். பெட்டிக்குள் முட்டை அடுக்கியிருக்கும். நூறு டிகிரிக்கு அரை டிகிரி குறைவு. ஏறவும் கூடாது, இறங்கவும் கூடாது. மணிக்கொரு தரம் தட்டுகள் தானாகச் சாய்கிறதா என்று பார்க்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. மீதி நேரம் படிப்பேன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு நின்றுபோனது. பிறகு அகராதி வைத்துக்கொண்டு நானாக ஆங்கிலம் படித்தேன். படிப்பதைத் தமிழில் ஒரு நோட்டில் எழுதிவைப்பேன். சொல் கிடைக்காத இடத்தில் நானே சொல் உண்டாக்கிக்கொள்வேன். இதுவரைக்கும் முந்நூறுக்கு மேல் உண்டாக்கியிருக்கிறேன். யாரும் அதைப் பேசவில்லை, அது வேறு விஷயம்.

காலையில் ஏழரைக்கு வீட்டுக்கு வருவேன். எட்டுக்குப் படுத்தால் மூன்று மணிக்கு எழுந்திருப்பேன். அதுவரைக்கும் வீட்டில் சத்தம் இருக்கக்கூடாது. வசந்தாமணி துணி தைக்கிறவள். மிஷினை மூன்று மணிக்கு மேல்தான் மிதிப்பாள். மிஷின் சத்தம் எனக்கு ஆகாது. அவளிடம் எதுவும் சொல்ல வேண்டுமென்றால் தேதி கிழித்த காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதி, ஃபிரிட்ஜ் மேல் வைத்துவிட்டுப் படுத்துக்கொள்வேன். கேஸ் சொல்லிவிடு. மாத்திரை வாங்கி வை. கல்யாணத்துக்கு நீ மட்டும் போய் வா. இப்படித்தான் இருபத்திரண்டு வருஷமாகக் குடும்பம் நடக்கிறது. ஒரு சண்டை கிடையாது. கேட்டுப் பாருங்க.

ஓணான் வந்த பிறகு நான் நோட்டில் அதற்கென்று பதினாறு பக்கம் எழுதினேன். குஞ்சாக இருக்கும்போது அதற்கு ஒரு நாளைக்கு மூன்று வேளை பூச்சி கொடுக்க வேண்டும். பத்து நிமிஷத்தில் எவ்வளவு தின்கிறதோ அவ்வளவு. பெரிசான பிறகு தழை, காய் என்று இறங்கிவரும். வளர்கிற வயசில் பூச்சிதான். ஆனால் எந்தப் பூச்சி? அங்கேதான் இருக்கிறது விஷயம். பூச்சி தின்கிற பிராணி, பூச்சியைப் போட்டால் தின்னும் என்று நினைக்கிறார்கள். தின்னும்தான். அதற்கப்புறம் உயிரோடு இருக்குமா என்று பார்க்க வேண்டாமா?

காளியண்ணன் சொன்னார்: "இதுக்கெதுக்கு மண்டையை ஒடச்சுக்கற? முட்டைக்கோழிக் கூண்டுக்கு அடியில போயி ஒரு மொறம் அள்ளு. புழுவு லட்சக்கணக்குல நெளியுது." வேண்டாம் என்றேன். பண்ணையில் ஈ மருந்து அடிப்பார்கள். அந்த மருந்தைத் தின்ற புழுவை ஓணான் தின்றால் ஓணானுக்கும் மருந்துதான். அதே காரணத்துக்காகக் காட்டில் பிடிக்கிற வெட்டுக்கிளியும் ஆகாது. விளக்கடியில் விழுகிறதை அள்ளிப் போடலாம் என்றால், அதற்குள் ஒரு மின்மினி இருந்தால் போயிற்று. ஒன்றே ஒன்று தின்றாலும் தாடி ஓணான் செத்துப்போகும். எவ்வளவு அழகான பூச்சி, பாருங்க.

சேலத்தில் பறவை, மீன் விற்கிற கடையில் ஒரு புழு வைத்திருந்தார்கள். விரல் தண்டி. "சார், இதைப் போடுங்க, நாலே மாசத்துல முதலை மாதிரி ஆயிரும்" என்றான் கடைக்காரன். தோல் கெட்டி அதற்கு. குஞ்சு வயிற்றில் போய் அடைத்துக்கொள்ளும். பூச்சி எவ்வளவு பெரிசு இருக்கலாம் என்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது: அதன் இரண்டு கண்ணுக்கும் நடுவில் எவ்வளவு இடமோ, பூச்சி அதைவிடப் பெரிசாக இருக்கக்கூடாது. இதை எழுதிவைத்தேன். 'இரு கண்களுக்கு இடைப்பட்ட அளவே பூச்சியின் அளவு' என்று. எழுந்து பார்த்தால் வசந்தாமணி கண்ணாடி முன்னால் நின்றுகொண்டு, துணி அளக்கிற டேப்பைத் தன் மூக்குமேல் வைத்து அளந்துகொண்டிருக்கிறாள். "ஒண்ணேகால் இஞ்ச் வருதுங்க. அத்தாப்பெரிய பூச்சிய அது முழுங்குமா?" என்றாள். ஓணான் கண்ணுடீ என்றேன். "அப்படின்னு போடலீங்களே" என்றாள். இது போடாமல் தெரிய வேண்டாமா?

சில்வண்டு நல்லது. உள்ளதில் அதுதான் நல்லது. மருந்து படாமல் வளர்க்கிறவர்களிடம் வாங்கி, முட்டை அட்டைக்குள் விட்டு, கேரட் துருவிப் போட்டு நன்றாகத் தின்னவிட்டு, பிறகு கால்சியம் பொடியில் புரட்டிக் கொடுக்க வேண்டும். முட்டை அட்டைக்கு எங்களிடம் பஞ்சமா? ஒரு மாதம் அப்படித்தான் ஓடியது. ஆனால் நாலு சில்வண்டு தப்பித்துப் பீரோவுக்கடியில் போய் உட்கார்ந்துகொண்டு பகல் முழுக்கக் கத்தின. என்னால் தூங்க முடியவில்லை. வசந்தாமணி குப்புறப் படுத்து, துடைப்பக்குச்சியால் தள்ளித் தள்ளி, இரண்டு நாளில் நாலையும் பிடித்தாள். நாலாவது பிடிபட்டதும், "எனக்கு இது ஒரு தொணையா இருந்துச்சு" என்றாள். என்ன பேச்சு பாருங்க.

அந்தத் தூக்கம் கெட்டதில் ஒன்று நடந்தது. பதினொரு மணிக்கு எழுந்தவன், சரி எழுந்தாயிற்று என்று மீசைக்கு நானே பூச்சி கொடுத்தேன். விளக்குக்கடியில் கல்மேல் வயிற்றைப் பரப்பிப் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் ஒரு கையைத் தூக்கி மெதுவாக ஆட்டியது. நிஜமாகவேதாங்க. கையை ஆட்டினால் 'நான் சின்னவன், என்னை ஒன்றும் செய்துவிடாதே' என்று அர்த்தமாம், புத்தகத்தில் போட்டிருக்கிறது. எனக்கு அப்படித் தெரியவில்லை. யாரும் என்னைப் பார்த்து அப்படிக் கையாட்டி ரொம்ப நாள் ஆகிறது. மறுநாளும் பதினொன்றுக்கு எழுந்தேன். பிறகு தினம் எழுந்தேன். பதினொரு மணிக்கு எங்கள் வீட்டுச் சமையலறைச் சுவரில் வெயில் எப்படி விழுகிறது என்று நான் பார்த்ததே இல்லை. அந்த நேரத்தில்தான் வசந்தாமணி காலைச் சோறு தின்கிறாள். ரேடியோவைக் காதோடு வைத்துக்கொண்டு பாட்டுக் கேட்கிறாள், எனக்குச் சத்தம் வரக்கூடாது என்று. இதெல்லாம் எனக்குத் தெரியாது. இரண்டு பேரும் டீ குடிப்போம். அது பாட்டுக்குப் பூச்சியைத் துரத்தும், நாங்கள் பார்த்துக்கொண்டிருப்போம். மூன்று மாசம் அப்படிப் போனது. பேச்சு ஒன்றும் பெரிசாக இல்லை. விட்ட இடத்துக்கு வருகிறேன்.

தூக்கம் கெடுகிறதென்று சில்வண்டை நிறுத்திவிட்டேன். அப்புறம்தான் இந்தப் புழுவைக் கண்டுபிடித்தேன். கறுப்பாக ஒரு ஈ இருக்கிறது. அதன் புழு மெத்தென்று இருக்கும், சின்னதாகக் கிடைக்கும், கத்தாது, கடிக்காது, கால்சியம் அதிலேயே இருக்கிறது. நாமக்கல்லிலிருந்து ஆறு மைலில் ஒருவர் காய்கறிக் கழிவில் அதை வளர்க்கிறார். போய்ப் பார்த்தேன். "பி.எஸ்.எஃப் புழுங்க" என்றார். பி.எஸ்.எஃப் என்றால் எல்லையில் துப்பாக்கி பிடித்து நிற்கிற படை அல்லவா? புழுவுக்கு அந்தப் பேரா? அகராதியில் பார்த்தால், அந்த ஈக்கு ஆங்கிலத்தில் கறுப்புப் போர்வீரன் என்றுதான் பேர். எப்படிப் பார்த்தாலும் படை வருகிறது. அன்றைக்கு ராத்திரி நோட்டில் எழுதினேன்: படைப்புழு. இரண்டே சொல், ஒட்டிப் பிறந்த மாதிரி நின்றது. ரொம்ப நாளைக்குப் பிறகு மனசுக்கு ஒரு நிறைவாக இருந்தது.

என்ன, இப்போதே சிரிக்கிறீங்க? மக்காச்சோளக் காடு இருக்கிறதா உங்களுக்கு? அப்படியானால் நீங்களும் அந்தக் கட்சிதான்.

எனக்கு எப்படிங்க தெரியும்? நான் காடு தோட்டம் உள்ளவன் இல்லை. மக்காச்சோளக் குருத்தைத் தின்கிற ஒரு புழு இருக்கிறது, அதற்கு விவசாய ஆபீஸ்காரர்கள் படைப்புழு என்று எனக்கு முன்னாடியே பேர் வைத்துவிட்டார்கள், சின்னப் பிள்ளைக்குக்கூட அது தெரியும் என்று எனக்கு யார் சொன்னார்கள்?

வாரத்துக்கு இரண்டு தரம் நானே போய் வாங்கிவருவேன். இந்த வாரம் ஹேச்சரியில் குஞ்சு இறக்குகிற நாள்கள், இரண்டு ஆள் வரவில்லை, காலையிலும் இருந்து பார்க்க வேண்டியதாகிவிட்டது. பத்து மணிக்கு மேல் வந்து விழுந்தேன். விழுவதற்கு முன்னால் எழுதிவைத்தேன். 'மீசைக்குப் படைப்புழு தீர்ந்தது. இருபது வாங்கவும். சிறியதாக.' இவ்வளவுதான். இதில் என்ன குழப்பம்?

அவள் தம்பி குமரேசன், எருமப்பட்டிக்கு இந்தப் பக்கம் இரண்டு ஏக்கர் மக்காச்சோளம் போட்டிருக்கிறான். நேராக அங்கே போயிருக்கிறாள். சீட்டைப் பார்த்ததும் சந்தோஷமாகிவிட்டதாம். "மொதோ தடவையா நீங்க எழுதுன பேரு எனக்குத் தெரிஞ்ச பேரா இருந்துச்சுங்க" என்று பிறகு சொன்னாள். வெயிலில் குருத்துக் குருத்தாகப் பிரித்து இருபது பொறுக்கியிருக்கிறாள். சின்னதாகப் பார்த்து. மீசையின் கண்ணுக்கு நடுவிலிருக்கிற இடத்தை நூலில் அளந்து, நூலைக் கையோடு கொண்டுபோயிருக்கிறாள். குமரேசன் வீட்டில் இல்லை. இரண்டு நாளைக்கு முன்னால் மருந்தடித்த காடு. "ஒண்ணுகூட ஓடல, எல்லாஞ் சொன்ன பேச்சுக் கேக்கறாப்புல படுத்திருந்துச்சு, பொறுக்கறதுக்கு லேசா இருந்துச்சு" என்றாள். லேசாக இருக்காதா? பாதிச் செத்த புழு அது.

இரண்டரை மணிக்கு என்னைத் தட்டி எழுப்பினாள். கல்யாணமான நாளிலிருந்து அவள் என்னைத் தட்டி எழுப்பியது கிடையாது. அவள் அப்பா தவறினபோதுகூட நான் எழுந்திருக்கிற வரைக்கும் காத்திருந்தாள். "ஏனுங், எந்திரிங்க. மீசை கைய ஆட்டுது, நிறுத்தவே மாட்டீங்குது" என்றாள். போய்ப் பார்த்தால் ஆட்டுகிற மாதிரியா அது? நடுக்கம். தாடி கரியாக இருக்கிறது. பின்னங்கால் இரண்டும் துணி மாதிரி கிடக்கிறது.

இதே பஸ்ஸில்தான் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் சின்ன வயசு, கோழி டாக்டர் இல்லை, இந்த மாதிரிப் பிராணிகளும் பார்க்கிறவர். "என்ன தின்னுச்சு?" என்றார். படைப்புழு என்றேன். "மக்காச்சோளத்துலயா? ஏங்க, மருந்தடிச்ச காடா இருக்குமே! இதைப் போயி யாராச்சும் குடுப்பாங்களா?" என்று கத்தினார். படித்த மனுஷர், அவரும் அப்படியே எடுத்துக்கொண்டார் பாருங்க. நான் அந்தச் சொல்லை எப்படி உண்டாக்கினேன் என்று விளக்க ஆரம்பித்தேன். "அப்பறம் பேசலாங்க, வெளிய இருங்க" என்றுவிட்டார். வசந்தாமணியை மட்டும் உள்ளே வைத்துக்கொண்டார், பிடித்துக்கொள்ள.

இன்றைக்கு மூன்றாவது நாள். மூன்று நாளும் கொண்டுவந்து ஊசியும் குழாய்த் தண்ணீரும் கொடுத்துக் கூட்டிக்கொண்டு போகிறோம். ராத்திரி நான் வேலைக்குப் போய்விடுவேன், அவள்தான் வெந்நீர் மாற்றிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். உட்காரட்டும். செய்ததற்கு. நான் அவளிடம் பேசவில்லை. சீட்டில் மட்டும் எழுதிக் கேட்டேன்: 'யாரைக் கேட்டுக் கொடுத்தாய்?' சாயங்காலம் பார்த்தால் அதே சீட்டில் கீழே பதில் எழுதியிருந்தாள். அவள் எனக்கு எழுதிய முதல் சீட்டு அதுதான். 'நீங்க எளுதுனதத்தான் குடுத்தேன்.' ள போட்டிருந்தாள். ழ போட்டுத் திருத்தி, அங்கேயே வைத்தேன்.

நல்ல சேதியும் இருக்கிறது. இன்றைக்குக் காலையில் டாக்டர் நீட்டின ஒரு புழுவைத் தின்றது. சரியான புழு. நடுக்கம் நின்றுவிட்டது. "பொழச்சுக்குச்சு, இனி கவனமாப் பாத்துக்கோங்க" என்றார். வசந்தாமணி டாக்டரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். எனக்கு அது கண்ணைத் திறந்தது போதும்.

ஆனால் என்ன பிரயோஜனம்? நாளைக்கு நறுமுகை வருகிறாள், எடுத்துக்கொண்டு போக. வீடியோவில் பார்த்துவிட்டாள், அது கிடந்த கிடையை. "உங்க ரெண்டு பேர்கிட்டயும் இனிமே விடமாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். சிநேகிதி வீட்டில் வைத்துக்கொள்ளப் போகிறாளாம். வைத்துக்கொள்ளட்டும். அவளுடையதுதானே. எனக்கும் வயசாகிறது, மூன்று மணி வரைக்கும் தூங்கினால் உடம்புக்கு நல்லதுதான். தூங்கலாம். மூன்று மணி வரைக்கும் தூங்கலாம்.

இருங்க. போன் அடிக்கிறது அவளுக்கு. மகள்தான். ஸ்பீக்கரில் போடுகிறாள், மடியில் டப்பா இருப்பதால் பிடிக்க முடியவில்லை. கொஞ்சம் பேசாமல் இருங்க.

"ம்மா, எப்படி இருக்கான்?"

"நல்லா இருக்குது சாமி. ஒரு புழு தின்னுச்சு. கண்ண முழிச்சு முழிச்சுப் பாக்குது."

"அப்பாடா! நாளைக்கு மதியம் வந்துடுவேன். தொட்டி, லைட்டெல்லாம் கழட்டி வை. கார்லயே வெச்சுக் கொண்டுபோயிடறேன்."

"ஏங்கண்ணு, இங்கயே இருக்கட்டுமே."

"எதுக்கு? அப்பா மறுபடியும் என்னமோ ஒரு பேரை எழுதி வெப்பாரு, நீ போய் என்னத்தையாவது புடிச்சுட்டு வருவ. அவன் சாகறதுக்கா?"

"அப்பா சரியாத்தான் எழுதியிருந்தாரு."

"ம்மா..."

"அவரு எழுதுனதுல ஒரு தப்பும் இல்ல. நாந்தான் படிக்கத் தெரியாம நானா ஒண்ண நெனச்சுக்கிட்டுத் தம்பி காட்டுக்குப் போயிட்டேன். அவரு கையில இருந்த வரைக்கும் அதுக்கு ஒரு சொணக்கம் வந்துதா, சொல்லு? எந்தப் பூச்சி ஆகும், எது ஆகாதுன்னு ராத்திரியெல்லாம் படிக்கறாரு. இனி நான் அதும் பக்கமே போகல. அவரே எந்திரிச்சுக் குடுத்துக்குவாரு. எடுத்துட்டுப் போகாத சாமி."

"உனக்கென்னம்மா அதுமேல இத்தனை பாசம்?"

"ஓணாம்மேல என்ன பாசம் வந்து கெடக்குது" என்று சிரிக்கிறாள். என்னமோ சொல்கிறாள், இந்த டிரைவர் ஹாரன் அடிக்கிறதில் கேட்கவில்லை. உங்களுக்குக் கேட்டதா? இல்லையா?

"...சரிம்மா. ஒரு மாசம் பாக்கலாம். ஆனா அப்பா மட்டுந்தான் குடுக்கணும். நீ தொடவே கூடாது, சொல்லிட்டேன்."

"தொடல சாமி. தொடவே மாட்டேன்."

வைத்துவிட்டாள்.

கேட்டீங்களா? மூன்று நாளாக நான் என்ன சொன்னேன்? இப்போது அவள் வாயாலேயே வந்துவிட்டது பாருங்க, நான் எழுதியதில் தப்பே இல்லையென்று. நீங்கள் சாட்சி. இதை முதல் நாளே ஒத்துக்கொண்டிருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேனா? வீம்புக்காரி.

சரி, போகட்டும். ஒத்துக்கொண்ட பிறகு வளர்த்தக் கூடாது. நான் மன்னித்துவிட்டேன். மன்னித்தது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ தெரியவில்லை, திரும்பிப் பார்க்கிறாள், பாருங்க. பக்கத்து சீட்டிலிருந்த அம்மா இறங்கிவிட்டாள் போலிருக்கிறது. கையால் தட்டிக் காட்டுகிறாள், வந்து உட்காரச் சொல்லி.

அங்கே வெயில் அடிக்குமே. இந்தப் பையைக் கொஞ்சம் எடுத்துக்கொடுங்க. வர்றேனுங்க.